மாறுவேடப் போலீசுக்கு மானியம்: விண்ணப்பம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு கிராணி சொல்வது

மாறுவேடப் போலீஸ் பயிற்சிக்கான மானிய அறிவிப்பு கையில் கிடைத்ததும் முதலில் அதைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் படித்தால் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்ற வேறுபாடு கண்ணில் படாது. பென்சிலை எடுத்து யார் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி எது, எவ்வளவு வரை கேட்கலாம், எந்த நாட்டுக்கு, எந்தப் போலீஸ் பிரிவுக்கு என்ற இடங்களை வட்டமிடுங்கள். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். தகுதி இல்லாதவர் அனுப்பிய விண்ணப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் சல்லடையிலேயே போய்விடும்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவள். விடியுமுன் பெரட்டு என்ற காலை அணிவகுப்புக்கு நின்று ஆள் கணக்கு எடுத்து, செக்ரோல் என்ற வருகைப் பேரேடு எழுதி, சம்பளச் சிட்டை போட்டு, தொழிலாளர் காப்புறுதிக்கான சொக்சோ பாரம் நிரப்பிய கை இது. ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்களும் காலியான பிறகு, பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் மேசை போட்டு, சங்கங்களுக்குக் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது திட்ட விண்ணப்பத் தாள், எழுதிக் கொடுக்கிறேன். கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஆரம்பித்தது, ஆள் கடத்தலில் சிக்கி மீண்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு அமைப்பில் வந்து நிற்கிறது. எல்லை தாண்டிய குற்றக் கும்பல்களுக்குள் போலீஸ் ஆளை அனுப்பும் வேலைக்குப் பயிற்சி, அதற்கு வெளிநாட்டு மானியம் என்ற சமாசாரம் அவர்கள் வழியாகத்தான் என் மேசைக்கு வந்தது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வெளியுறவு அமைச்சில் அனைத்துலகப் போதைப்பொருள், சட்ட அமலாக்க விவகாரங்களுக்கு என்று ஒரு பிரிவு உண்டு. சுருக்கமாக ஐஎன்எல். பிற நாட்டுப் போலீஸ், அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், சிறைத்துறை ஆகியோரின் திறனை வளர்க்க அது செலவிடுகிறது. மானியமாகக் கொடுக்கும்போது பணம் போலீசின் கைக்குப் போவதில்லை. பல்கலைக்கழகம், லாப நோக்கமற்ற அமைப்பு, அனைத்துலக நிறுவனம் போன்றவை விண்ணப்பித்து, பயிற்சியை நடத்தி, கணக்குக் காட்டுகின்றன. அறிவிப்புகள் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் வரும். பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். ஐரோப்பாவில் யூரோபோல் என்ற ஐரோப்பிய ஒன்றியப் போலீஸ் ஒத்துழைப்பு அமைப்பும் எம்பாக்ட் என்ற ஏற்பாட்டின் கீழ் மானியம் தருகிறது. ஆனால் அங்கே முன்னின்று விண்ணப்பிப்பவை உறுப்பு நாடுகளின் அமலாக்கத் துறைகள்தாம், நமக்கு வேலை இல்லை.

உங்கள் அமைப்பு சிறியதென்றால் முதன்மை விண்ணப்பதாரராக நிற்காதீர்கள். பெரிய பல்கலைக்கழகமோ அனைத்துலக அமைப்போ முன்னால் நிற்கட்டும். நீங்கள் அதன் கீழ் துணைப் பங்காளியாகச் சேருங்கள். தயக்கத்தால் சொல்லவில்லை. மாறுவேடத்தில் எப்படிப் பழகுவது என்று ஒரு நார்க்கோட்டிக் அதிகாரிக்குப் பாடம் எடுக்க நம்மால் முடியாது. கும்பலிடம் மாட்டியவர்கள் எப்படிப் பேசுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள், போலீசுக்குத் தகவல் சொன்ன பிறகு அவர்கள் குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்பதை நம்மைவிட யாரும் சொல்லித்தர முடியாது. அந்தப் பங்கை மட்டும் கேளுங்கள்.

பதிவு வேலைக்கு வருவோம். இது சலிப்பான பகுதி, ஆனால் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அமைப்பு 2022 வரை முதலில் என்கேஜ் எண் வாங்க வேண்டியிருந்தது. அது நேட்டோவின் பட்டியல் முறை; அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணம் கேட்காதவர்களுக்கு இப்போது அது தேவையில்லை. நேராக சாம்.கவ் என்ற அமெரிக்க அரசுப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். அங்கே 12 எழுத்தும் எண்ணும் கலந்த யுஇஐ அடையாளம் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன் இருந்த டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது இது. பழைய வழிகாட்டிகளில் டன்ஸ் என்று பார்த்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடலாம். எல்லாமே இலவசம். காசு கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும், பதில் போடாதீர்கள். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சங்கப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கடிதம், மின்சார பில், மூன்றிலும் முகவரி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் ‘ஜாலான்’ என்று முழுதாகவும், மற்றொன்றில் ‘ஜேஎல்என்’ என்று சுருக்கியும், மூன்றாவதில் பழைய மைல் கல் கணக்கிலும் இருந்தால், பதிவைச் சரிபார்க்க அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அவை மூன்று வேறு இடங்கள். பதிவு தொடங்குமுன் வங்கிக்குப் போய் இதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, போலீஸ் தர வேண்டிய ஆதரவுக் கடிதம். நம் நாட்டில் போலீஸ் கூட்டரசின் கீழ், உள்துறை அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. பட்டணத்து பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், நமக்குத் தெரிந்த ஓசிஎஸ் என்ற பொறுப்பதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கடிதம் இதற்குச் செல்லாது. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானிலிருந்து வர வேண்டும். உள்ளூர்க் கடிதத்தை இணைப்பில் வைத்தால், இவர்களுக்கு அமைப்பு எப்படி இயங்குகிறது என்றே தெரியவில்லை என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். ஆதரவுக் கடிதத்தில் பாராட்டு வேண்டாம். எந்தத் துறை, எத்தனை அதிகாரிகளை, எந்தப் பயிற்சிக்கு விடுவிக்கச் சம்மதிக்கிறது என்ற மூன்று வரி போதும்.

இப்போது பிரச்சினையை எழுதும் பகுதி. ‘எல்லை தாண்டிய குற்றம் உலகையே அச்சுறுத்துகிறது’ என்று தொடங்கும் தாள்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே கொட்டாவி வருகிறது. உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பீடோங்கை ஒட்டித்தான் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்குப் போகிறது. இங்கே ஒரு பையன் தன் வங்கி அட்டையைச் சில நூறு ரிங்கிட் வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிறான். யாருடைய பணம் அதன் வழியாகப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. இன்னொரு பையனுக்குத் தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை வேலை என்று அழைப்பு வருகிறது. போய் இறங்கினால் எல்லைக்கு அப்பால் மியன்மாரின் மியாவாடியில் மோசடிக் கூடாரம். பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் காட்டில் 2015-இல் கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. இப்படி எழுதிவிட்டு, இதை வெளியிலிருந்து கண்காணித்தால் ஏன் போதாது, உள்ளே ஓர் ஆள் ஏன் தேவைப்படுகிறது என்று விளக்குங்கள். ஆட்களை எல்லை தாண்டி ஏற்றிவரும் தெக்கோங் பிடிபடுவான், வண்டி பிடிபடும். பணம் போட்டவன் அடுத்த நாள் வேறு தெக்கோங்கை வைத்துக்கொள்வான். அந்தப் பணக்காரன் வரை போகத்தான் உள்ளே ஆள் வேண்டும். தோட்டத்தின் பெயர், பையனின் பெயர் எதையும் எழுதாதீர்கள். நாளை யார் கையில் அந்தத் தாள் இருக்கும் என்று தெரியாது.

கெத்தும் (கிராத்தோம்) என்ற போதை தரும் இலையை எடுத்துக்காட்டாக வையுங்கள், படிப்பவருக்குச் சட்டச் சிக்கல் உடனே புரியும். நம் நாட்டில் அதிலுள்ள மித்ராஜினைன் என்ற வேதிப்பொருள் 1952-ஆம் ஆண்டு நஞ்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தாய்லாந்து 2021-இல் கெத்தும் இலையைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். இரு நாட்டுப் போலீசும் சேர்ந்து மாறுவேட வேலை செய்ய வேண்டுமானால், எந்தச் செயல் இரு பக்கமும் குற்றம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பாடத்தில் இதற்கு ஒரு முழு நாள் கேளுங்கள்.

சட்டப் பகுதிக்கு வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் எலும்புக்கூடு உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். திட்டமிட்ட எல்லை தாண்டிய குற்றத்துக்கு எதிரான ஐநா உடன்படிக்கை 2000-இல் ஏற்கப்பட்டது. இத்தாலியின் பலேர்மோ நகரில் கையெழுத்துக்கு வைத்ததால் பலேர்மோ உடன்படிக்கை என்பார்கள். மலேசியா 2004-இல் உறுதிப்படுத்தியது, தாய்லாந்து 2013-இல். அதன் 20-ஆம் பிரிவு மாறுவேட நடவடிக்கை, மின்னணுக் கண்காணிப்பு, கடத்தல் சரக்கை மறிக்காமல் போகவிட்டுப் பின்தொடர்வது ஆகிய முறைகளை, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, பயன்படுத்தச் சொல்கிறது. 29-ஆம் பிரிவு இதே முறைகளுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது. இந்த இரண்டு பிரிவையும் குறிப்பிடாத விண்ணப்பம் அரைகுறையாகத் தெரியும்.

நம் சட்டத்தில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 40ஏ பிரிவைப் பாருங்கள். சாட்சியம் திரட்டுவதற்காகக் குற்றத்துக்குத் தூண்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக மாறுவேட ஆளின் சாட்சியத்தை நம்பத்தகாதது என்று கருதக்கூடாது என்கிறது அது. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் இதே போல ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நிலைமை வேறு. 1998-இல் டெஷேரா டி காஸ்ட்ரோ என்பவர் போர்ச்சுகலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சாதாரண உடையில் போன இரு போலீசார் ஹெராயின் கேட்டுத் தூண்டியதால் அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இங்கே நிற்கும் சாட்சியம் கடல் தாண்டினால் விழலாம். எல்லை தாண்டிய வழக்குக்குப் பயிற்சி என்று பணம் கேட்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன பயிற்சி? போலீசோடு அரசுத் தரப்பு வழக்கறிஞர்களையும் அதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் எப்போதும் எழுதுவது இதனால்தான்.

இப்போது என் வேலைக்கு நேராக வரும் இடம்: பெயர்ப் பட்டியல்.

அமெரிக்கப் பணத்தில் பயிற்சி பெறும் வெளிநாட்டுப் பாதுகாப்புப் படைப் பிரிவுகளுக்கு லேஹிச் சட்டப் பரிசோதனை உண்டு. வெர்மான்ட் மாநிலத்து முன்னாள் செனட்டர் பேட்ரிக் லேஹியின் பெயரால் வழங்குவது. கடுமையான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள பிரிவுக்கு உதவி கிடையாது. பயிற்சிக்கு வருபவர் யார், எந்தப் பிரிவு, என்ன பதவி என்று தூதரகத்துக்குக் கொடுத்து, அனுமதி வந்த பிறகே வகுப்பு தொடங்க முடியும். இன்னொரு பக்கம், அந்தப் பட்டியலில் இருப்பவர் நாளை வேறு பெயரில் ஒரு கும்பலுக்குள் நுழையப் போகிற ஆள். அவர் பெயர் ஒரு சங்கத்தின் மடிக்கணினியில் இருந்தால் அவர் உயிர் அந்த மடிக்கணினியின் கடவுச்சொல்லில் இருக்கிறது.

செக்ரோலில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு எண் உண்டு; பெரட்டில் எண்ணைக் கூப்பிட்டாலே போதும், பெயர் ஆபீஸ் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். அதே முறையை இங்கே எழுதிக் கேளுங்கள். பெயர் விவரம் போலீஸ் தலைமையகத்திலிருந்து நேராகத் தூதரகத்துக்குப் போகட்டும். உங்கள் வருகைப் பதிவில் எண் மட்டும். எண்ணுக்கும் பெயருக்குமான சாவிப் பட்டியல் போலீசிடமே இருக்கும், தணிக்கை வந்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இதை விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். மானியம் வந்த பிறகு கணக்கு அதிகாரி கையெழுத்துத் தாள் எங்கே என்று கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. படம் எடுப்பதும் இப்படித்தான். கொடுப்பவர்களுக்குக் கொடியும் பதாகையும் சிரித்த முகங்களும் உள்ள படம் பிடிக்கும். இந்தப் பயிற்சியில் மட்டும் படமே இல்லை, பதாகையும் இல்லை, விடுதியில் வேறு பெயரில்தான் மண்டபம் எடுப்போம் என்று காரணத்தோடு விலக்குக் கேளுங்கள். இந்த ஒரு பத்தியைச் சரியாக எழுதினாலே, இவர்களுக்கு விஷயம் தெரிகிறது என்று படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்று போலீஸ்தான் முடிவு செய்யும். ஆனால் மூன்றில் ஒரு பங்காவது மேற்பார்வைக்கும் மனநலத்துக்கும் ஒதுக்கச் சொல்லி வாதாடுங்கள். பிரிட்டனில் 1968 முதல் 2008 வரை இயங்கிய ஒரு மாறுவேடப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசியல் குழுக்களுக்குள் நுழைந்த போலீசார் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள், தாங்கள் யாரென்று சொல்லாமல் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அதை ஆராய 2015-இல் அமைத்த பொது விசாரணை பல ஆண்டுகள் இழுத்தது. கும்பலைப் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் அனுமதி தந்தார், எத்தனை நாளுக்கு, எப்போது திரும்ப அழைப்பது என்று எழுத்தில் இல்லாத இடத்தில் எந்த ஆளும் வழி தவறலாம்.

எங்கள் கடைவீட்டுக்குக் கீழே பசியாற வரும் ஓய்வுபெற்ற சார்ஜன் ஒருவர் உண்டு. வேலையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். பயிற்சியில் குடும்பத்துக்கு ஏதாவது வைக்கலாமா அண்ணே என்று கேட்டேன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, “கேஸ் முடிஞ்சும் ரொம்ப நாள் பசார் பக்கமே போகல தங்கச்சி. கோழி வாங்கக்கூட வீட்டுக்காரிதான் போனா. ஏன்னு அவகிட்ட சொல்லவும் முடியல” என்றார். பட்ஜெட்டில் மனநல ஆலோசகருக்கு ஒரு வரி, வாழ்க்கைத் துணைக்கான அமர்வுக்கு ஒரு வரி சேர்த்தது அன்றைக்குத்தான்.

பலனை அளக்கும் பகுதியில் கைது எண்ணிக்கையைப் போடாதீர்கள். கைதைக் கணக்காக்கினால், கணக்குக்காகக் கைது நடக்கும். மாறுவேட வேலையில் அது தூண்டுதலில் போய் முடியும். எழுத்து அனுமதியோடு தொடங்கிய நடவடிக்கைகளின் பங்கு, மேற்பார்வை அதிகாரி குறித்த இடைவெளியில் எழுதிய குறிப்புகள், வழக்கறிஞரும் போலீசும் சேர்ந்து பார்த்த கோப்புகள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வு ஆகியவற்றை வையுங்கள். இவற்றைப் போலீஸ் மொத்த எண்ணாகத் தந்தால் போதும், எந்த வழக்கு என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

பட்ஜெட். எஸ்எஃப்-424 முகப்புப் படிவம், எஸ்எஃப்-424ஏ பட்ஜெட் படிவம், அதோடு வரிக்கு வரி விளக்கம். மறைமுகச் செலவு, அதாவது ஆபீஸ் வாடகை, மின்சாரம், என்னைப் போன்ற கிராணியின் சம்பளம், இவற்றுக்கு அமெரிக்க அரசோடு ஏற்கெனவே பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்பு 15 விழுக்காடு வரை போடலாம். 2024 அக்டோபருக்கு முன் 10 ஆக இருந்தது. ஆனால் அது மொத்தத்தில் 15 அன்று. பயிற்சிக்கு வருபவர்களின் பயணம், தங்கல், சாப்பாட்டுப் படி ஆகியவை அடித்தளக் கணக்கில் சேராது. ஒன்று 10,000 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள சாதனமும் சேராது. மாதிரிக்குச் சொல்கிறேன்: சம்பளம் 60,000 டாலர், பயிற்றுநர் கட்டணம் 25,000, பயிற்றுநர் பயணம் 15,000, பொருள்கள் 5,000, பயிற்சி பெறுபவர் செலவு 45,000 என்றால் மொத்தம் 150,000. பலர் இதில் 15 விழுக்காடு என்று 22,500 போடுவார்கள். 45,000-ஐக் கழித்து 105,000-க்குத்தான் போட வேண்டும்; 15,750 வரும். பயிற்சித் திட்டங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். மற்றபடி, மதுபானத்துக்கு இந்தப் பணத்தில் இடமில்லை, விமானச் சீட்டுக்கு அமெரிக்க நிறுவனங்களை முன்வைக்கும் விதி உண்டு. வெள்ளியில் கணக்குப் பார்த்து டாலரில் எழுதும்போது எந்தத் தேதி மாற்று விகிதம் என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

மானியம் கிடைத்தால் காலாண்டுக்கு ஒருமுறை எஸ்எஃப்-425 நிதி அறிக்கையும் வேலை அறிக்கையும் கேட்பார்கள். பணம் பாதியில் நிற்கவும் கூடும். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணை, வெளிநாட்டு மேம்பாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியது. அதை நம்பி ஆள் எடுத்த அமைப்புகள் பல நாடுகளில் தவித்தன. எனவே ஊழியர் ஒப்பந்தத்தில் மானியம் நின்றால் என்ன என்ற பிரிவு இருக்கட்டும், வாடகை ஒப்பந்தத்திலும் அதே. காப்பகத்தில் இருக்கும் பெண்களின் சாப்பாட்டுச் செலவை இந்த மானியத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். அதற்கு உள்ளூர்ப் பணம்தான், கோயில் உண்டியலாக இருந்தாலும் சரி.

கடைசி நேரம் அறிவிப்பில் பெரும்பாலும் வாஷிங்டன் நேரப்படி இரவு 11:59 என்று இருக்கும். அங்கே கோடை நேரம் ஓடும் மாதங்களில் அது நமக்கு மறுநாள் காலை 11:59. மற்ற மாதங்களில் பகல் 12:59. அந்த மறுநாளை நம்பி இருக்க வேண்டாம், இடி மழை வந்தால் எங்கள் பக்கம் முதலில் போவது இணையம்தான். ஒரு வாரம் முன்பே ஏற்றிவிட்டு, தளம் தரும் பெறுகை எண்ணை அச்சடித்து, சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள்.